ஒத்திகைப் போரின் பயன்



அட்டனிலும் நுவரெலியாவிலும் பறித்த கொழுந்து, தேயிலையாகி, ரயிலேறி, கொழும்புத் துறைமுகத்தின் வழியாகவே உலகை அடைந்தது. ஆதலின் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறு காலையில், அத்துறைமுகத்தின்மீது விழுந்த குண்டுகள் மலைநாட்டின் தலைவாசலில் விழுந்தவை எனலாம்.

ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக 36 சீரோ சண்டை விமானங்கள் வந்தன. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்தெழுந்தன. பந்தயத் திடலிலிருந்து எழுந்த 258ஆம் அணி, தன் விமானங்களில் பாதிக்கு மேல் இழந்தது.

வீரம் குறைவோ? அன்று. இரத்மலானையில் இருந்த 30ஆம் அணி, முன்னரே மத்தியதரைக் கடற்பகுதியில் போர் கண்டது. ஆனால் அங்குப் பழகிய பகைவன் வேறு. இங்கு வந்த பகைவன் வேறு. எதிரி எதிர்பாராத வேளையில் தலைக்கு மேல் தோன்றியதும் பெருங் கேடாயிற்று. வளைந்து திரும்புவதில் சீரோவை வெல்லுதல் அரிது. உயரத்திலிருந்து பாய்ந்து தாக்கி விலகுவதே ஏற்ற வழி. அவ்வழியைப் பழக்கமாக்கிக் கொள்ளும் வாய்ப்பு அவ்வீரர்களுக்குக் கிட்டவில்லை.

அதற்குச் சில மாதங்கள் முன்னர், பர்மாவின் தவுங்கூ நகரில், செனால்ட் என்னும் அமெரிக்கர் தம் தொண்டர் விமானிகளுக்கு அவ்வழியையே கற்பித்தார். ஒருவரையொருவர் எதிர்த்துப் பறக்கச் செய்து பயிற்றினார். 1941 செப்டம்பரில் அவ்வொத்திகையிலேயே இரு விமானங்கள் மோதி ஒருவர் மாண்டார். ஒத்திகைக்கும் விலை உண்டு. ஆயினும் போர் கேட்கும் விலை அதனினும் பெரிது.

இவ்வுண்மையைப் பிற்கால உலகம் மறந்து, மீண்டும் கற்றது. வியட்நாம் போரில் ஏவுகணைகளை நம்பி நெருங்கிய சண்டையைப் புறக்கணித்த அமெரிக்கக் கடற்படை, 1969இல் மிராமரில் தனிப் பயிற்சிப் பள்ளியை நிறுவிற்று. அங்குப் பகைவரின் மிக் விமானம் போலப் பறக்கவல்ல சிறு விமானங்களை எதிரியாக நிறுத்தினர். பின்னர் அக்கடற்படையின் வெற்றி விகிதம் பன்மடங்கு உயர்ந்தது. இந்திய விமானப்படையும் 1971இல் போர்த்தந்திரப் பயிற்சிக்கென ஒரு தனி அமைப்பை உருவாக்கிற்று.

தோட்டத்துக் கவ்வாத்து வேலையை எண்ணிப் பாருங்கள். எவ்வளவு உயரத்தில் வெட்டுவது, எக்கிளையை விடுவது என்பதைக் கேட்டறிந்தால் மட்டும் போதாது. தேர்ந்த கையொன்று அருகிருக்க, பலமுறை வெட்டியே கை பழகும். செடியில் நேரும் பிழை அடுத்த மழையில் தளிர்த்து மறையும். வானில் நேரும் பிழை அவ்வாறு மறைவதில்லை. ஆகவே அப்பிழையை நண்பனுக்கு எதிரே செய்துபார்த்துத் திருத்திக்கொள்வதே நலம். கொழும்பு வானில் அன்று விழுந்த இளைஞர்கள் பின்வந்தோர்க்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.