ரன்டைமின் எடை: கல்பாக்கம் கடற்கரையிலிருந்து சக்தி சில்லு வரை ஒரு வரலாற்றுப் பார்வை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தில், 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையின் உலைமையத்தை நிரப்பும் பணி 2024 மார்ச் 4 அன்று தொடங்கியது. இந்த உலைக்காக இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய நிகழ்நேரக் கணினிகள், விஎம்இ பஸ் அட்டைகளில் மோட்டரோலா 68020 செயலியைக் கொண்டவை. அந்தச் செயலி 1984இல் வெளிவந்தது. பழசு என்று சிரிப்பவர்கள் பாதுகாப்புக் கணினியில் என்ன தேடப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றும் குறித்த நேரத்துக்குள் முடிய வேண்டும். பாதுகாப்பு மென்பொருளில் பரவலாகப் பின்பற்றப்படும், சி மொழிக்கான மிஸ்ரா விதிகள், நிரல் ஓடும்போது நினைவகம் ஒதுக்குவதையே விலக்குகின்றன. ஆகவே நினைவகத்தைத் தானே ஒதுக்கித் தானே துப்புரவு செய்யும் ஜாவா, சி ஷார்ப், ஓகேமல் போன்ற மொழிகளுக்கு அங்கே வாசலே கிடையாது.

அம்மொழிகள் மற்றச் சிறு கருவிகளுக்குள் எப்படி நுழைந்தன? நுழைவைத் தீர்மானித்தது கம்பைலரா? நிரலோடு கூடவே சுமந்து செல்ல வேண்டிய ரன்டைம், அதாவது நிரல் ஓடும்போது நினைவகத்தைக் கவனிக்கும் துணை நிரல்தான் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஜாவாவின் பிறப்பே கருவிகளுக்காகத்தான். 1991இல் சன் நிறுவனத்தின் கிரீன் திட்டத்தில் ஓக் என்ற பெயரில் உருவான மொழி, வீட்டுச் சாதனங்களை இயக்கும் கைக்கருவியை நோக்கியது. பின்னர் அது இணையத்துக்குப் போய்விட்டது; கருவிகளுக்குத் திரும்பியபோது உடம்பைக் குறைக்க வேண்டியிருந்தது. 2000இல் வந்த, சிறு கருவிகளுக்கான சிஎல்டிசி என்ற ஜாவா தரம் கேட்ட குறைந்தபட்ச நினைவகம் 160 கிலோபைட். ஒரு காலத்தில் நம் சட்டைப்பைகளில் இருந்த பட்டன் போன்களில் ஜாவா விளையாட்டுகள் ஓடியது அந்தக் கணக்கில்தான்.

2004இல் முதல் பதிப்பு கண்ட மோனோ, சி ஷார்ப் மொழியை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. அதை வேறு செயலிக்காகக் கட்டும்போது வேலை இரண்டாகப் பிரிகிறது. சி ஷார்ப்பில் எழுதிய நூலகங்கள் இடைநிலைக் குறியீடாக இருப்பதால், மேசைக் கணினியில் ஒருமுறை கட்டி அப்படியே கருவிக்குள் நகலெடுத்துவிடலாம். சி மொழியில் எழுதிய ரன்டைமை மட்டும் கிராஸ்-கம்பைல் செய்ய வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அதன் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், குட்டி நிரல்களைக் கம்பைல் செய்து, ஓட்டிப் பார்த்துச் சில கேள்விகளுக்கு விடை காண்கிறது. ஏஆர்எம் கருவிக்காக உருவான நிரல் இன்டெல் மேசைக் கணினியில் ஓடாது. விடைகளைக் கட்டுபவரே முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு விடை தவறினாலும் கட்டும் வேலை வெற்றி என்றுதான் காட்டும், கருவியில் வேறொரு நாள் வேறோர் இடத்தில் நிரல் விழும்.

அதற்கடுத்த சிக்கல் கார்பேஜ் கலெக்டர். எந்த நினைவகம் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று அறிய அது செயலியின் ரெஜிஸ்டர்களையும் ஸ்டாக்கையும் படித்தாக வேண்டும். மோனோ தொடக்கத்தில் நம்பியிருந்த போம் கலெக்டர், முகவரி போலத் தெரிவதையெல்லாம் முகவரி என்றே எடுத்துக்கொள்ளும். அந்தச் சோம்பல்தான் புதிய செயலிகளுக்கு அதை எளிதில் நகர்த்த உதவியது. ஓகேமல் அப்படி ஊகிப்பதில்லை. ஸ்டாக்கில் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை அதன் கம்பைலரே எழுதித் தருகிறது. எனவே புதிய செயலி என்றால் கம்பைலரும் ரன்டைமும் சேர்ந்தே மாற வேண்டும்.

இங்கேதான் சென்னை ஐஐடி வருகிறது.  அதன் சக்தி செயலித் திட்டம் கிண்டி வளாகத்தில், வீ. காமகோடி தலைமையில் வளர்ந்தது. ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைக் கொண்ட இத்திட்டத்தின் சில்லுகளான ரைஸ்கிரீக், ரைமோ இரண்டும் 2018இல் வெளிவந்தன. முன்னது இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையிலும், பின்னது நம் நாட்டின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையிலும் உருவானவை. திட்டத்தின் சி-கிளாஸ் லினக்ஸை ஓட்ட வல்லது. ஈ-கிளாஸ் சிறு கருவிகளுக்கானது.

அதே வளாகத்தில் கே.சி. சிவராமகிருஷ்ணன், ஓகேமல் ரன்டைமைப் பல கோர்களில் இணையாக ஓடும்படி மாற்றியமைக்கும் பணியை முன்னின்று நடத்தினார். மிராஜ்ஓஎஸ் என்ற ஓகேமல் இயங்குதள நூலகத்தைச் சக்தி மீது ஓட்டும் முயற்சியும் நடந்தது. ஓகேமலுக்கு 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் நேட்டிவ் பின்பகுதி 2020இல், 4.11ஆம் பதிப்பில் வந்தது. 2022 டிசம்பர் 16 அன்று பல கோர் ரன்டைமுடன் 5.0 வெளியானபோது அந்தப் பின்பகுதி காணாமற்போனது. எக்ஸ்86-64, ஏஆர்எம்64 இரண்டு மட்டுமே தேறின. 2023 செப்டம்பரில் 5.1 வந்தபோதுதான் அது மீண்டது. மொழியின் இலக்கணம் பெரிதாக மாறவில்லை, கம்பைலரின் திறமையும் குறையவில்லை. ரன்டைம் மாறியது, ஒன்பது மாதங்களுக்கு ஒரு செயலிக் குடும்பமே வெளியே நின்றது. மேற்சொன்ன வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

32 பிட்டின் கதை இன்னும் மோசம். 5.0க்குப் பிறகு 32 பிட் செயலிகளுக்கு நேட்டிவ் ஓகேமல் கிடையாது, பைட்கோடு மட்டுமே. அங்கே ஓகேமலின் முழு எண் 31 பிட்டுக்குள் அடங்க வேண்டும், உச்சவரம்பு 107,37,41,823. யூனிக்ஸ் கடிகாரத்தின் விநாடிக் கணக்கு அந்த எண்ணை 2004 ஜனவரியிலேயே தாண்டிவிட்டது. 64 பிட் மேசைக் கணினியில் நேரத்தை முழு எண்ணாக வைத்து எழுதிய நிரல், அங்கே எல்லாச் சோதனையிலும் தேறி, கருவியில் குறை எண்ணைக் காட்டும்.

ஈ-கிளாஸைக் கொண்ட பினாகா பலகையில் நினைவகமே 128 கிலோபைட். சிறு கருவிகளுக்கென்றே எழுதப்பட்ட மைக்ரோபைத்தான்கூட நிரலுக்கு 256 கிலோபைட் இடம் கேட்கிறது. ஆகவே இன்றைய நிலையில் சி-கிளாஸின் 64 பிட் பலகைகளுக்கு ஓகேமல் நியாயமான தேர்வு. பினாகா அளவுப் பலகைகளுக்குச் சி மொழிதான் பொருந்தும்; அங்கே ரன்டைமைத் திணிப்பது வீண் வேலை.