தண்ணீர்க் குழாயால் போட்ட எல்லைக்கோடு

ஒரு சிறு நகரம் பெருக்கும்போது அதன் ஓரத்தில் இருக்கும் வயலும் மேய்ச்சல் நிலமும்தான் முதலில் வீட்டுமனைகளாக மாறும். இதைத் தடுக்க முடியுமா? தடுத்தால் பிறகு என்ன ஆகும்? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள போல்டர் நகரத்தின் கதை இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறது.

போல்டர் ராக்கி மலையின் கிழக்கு அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,400 அடி உயரத்தில் இருக்கிறது. மேற்கே மலை, மற்ற பக்கங்களில் பண்ணைகளும் புல்வெளிகளும். 1950-ல் இங்கே இருந்தவர்கள் சுமார் 20,000 பேர்தான். 1952-ல் டென்வர் நகரத்துக்கு நேரடி நெடுஞ்சாலை வந்தது. 1954-ல் மத்திய அரசின் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றை அதிபர் ஐசனோவர் வந்து திறந்து வைத்தார். வேலை வந்தது, ஆட்கள் வந்தார்கள். 1960-ல் மக்கள்தொகை 37,000-ஐத் தாண்டியது; 1970-ல் 66,000-ஐத் தாண்டியது.

வீடுகள் மலைச்சரிவில் ஏறிவிடுமோ என்ற பயம் 1950-களின் கடைசியில் வந்தது. அப்போது ராபர்ட் மெக்கெல்வி என்ற கணிதப் பேராசிரியரும், ஆல்பர்ட் பார்ட்லெட் என்ற இயற்பியல் பேராசிரியரும் ஒரு யோசனை சொன்னார்கள். மலையில் வீடு கட்டக்கூடாது என்று அவர்கள் கேட்கவில்லை. 5,750 அடிக்கு மேலே நகராட்சி குடிநீர் கொடுக்கக்கூடாது என்று மட்டும் கேட்டார்கள். உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றப் பம்பு வேண்டும், பணம் வேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் மனை விற்காது. 1959-ல் மக்கள் வாக்களித்து இதை நகரச் சட்டத்திலேயே சேர்த்தார்கள். அந்த எல்லைக்கு 'நீலக் கோடு' என்று பெயர். 1961-ல் வளிமண்டல ஆய்வு மையம் ஒன்றுக்கு விலக்கு கொடுக்க வேண்டி வந்தபோதும் மக்களிடம் வாக்கு கேட்டுத்தான் கொடுத்தார்கள்.

மலைப்பக்கம் சரி, சமவெளிப் பக்கம்? அங்கே இந்தக் கோடு உதவாது. அதனால் நிலத்தையே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்கள். 1967-ல் 100 டாலருக்கு 40 சென்ட் கூடுதல் விற்பனை வரிக்கு மக்கள் சம்மதித்தார்கள். திறந்தவெளி நிலம் வாங்குவதற்காக ஒரு நகரத்து மக்கள் தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டது அமெரிக்காவில் அதுதான் முதல்முறை என்று சொல்வார்கள். வாங்கிய நிலத்தில் ஒரு பகுதியை விவசாயிகளுக்கும் மாடு வளர்ப்பவர்களுக்கும் குத்தகைக்கு விட்டார்கள். இன்று நகரத்தின் கையில் 45,000 ஏக்கருக்கு மேல் திறந்தவெளி இருக்கிறது.

1976-ல் இரண்டு முக்கியமான விஷயங்கள் நடந்தன. நகரத்துக்கு வெளியே மனை போட நினைத்த நில உரிமையாளர்கள், தங்களுக்குத் தண்ணீர், கழிவுநீர் இணைப்பு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தார்கள். அந்த வட்டாரத்தில் வேறு யாரும் தண்ணீர் தரமுடியாத நிலையில், வளர்ச்சியைத் தடுப்பதற்காக நகராட்சி இணைப்பை மறுக்கக்கூடாது என்று கொலராடோ உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழாயை வைத்து எல்லை போடுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்று தெரிந்தது. அதே ஆண்டு, நகர்மன்ற உறுப்பினர் பால் டேனிஷ் கொண்டுவந்த திட்டத்தை மக்கள் ஏற்றார்கள். வீடுகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு சுமார் 2 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது என்பது அதன் சாரம். நகராட்சியும், சுற்றுக் கிராமப்புறத்தை ஆளும் கவுண்டி நிர்வாகமும் 1970-களிலேயே சேர்ந்து ஒரு பொதுத் திட்டமும் போட்டன. எது நகரம், எது பின்னால் நகரத்தில் சேரலாம், எது கிராமமாகவே இருக்கவேண்டும் என்று அதில் மூன்றாகப் பிரித்தார்கள். ஓரப்பகுதி யாருடைய பொறுப்பு என்ற குழப்பம் இதனால் குறைந்தது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். வீடுகளுக்குக் கணக்கு வைத்தவர்கள் வேலைகளுக்கு அதே கண்டிப்போடு கணக்கு வைக்கவில்லை. 1965-லேயே ஐ.பி.எம். நிறுவனம் அங்கே தொழிற்சாலை தொடங்கியிருந்தது; பிறகும் பல நிறுவனங்கள் வந்தன. வேலை போல்டரில், வீடு வேறு ஊரில் என்று ஆனது. லூயிவில், லாஃபயெட், லாங்மான்ட் போன்ற பக்கத்து ஊர்கள் வளர்ந்தன. அந்த ஊர்களின் ஓரத்தில் இருந்த வயல்கள் மனைகளாயின. போல்டர் தன் வயலைக் காப்பாற்றியது; வீடுகள் அதைத் தாண்டிப் போய் அடுத்த ஊர் வயலில் இறங்கின. பல்லாயிரம் பேர் தினமும் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து போகிறார்கள். தனி வீட்டின் விலை பத்து லட்சம் டாலர் என்பது இன்று அங்கே சாதாரணம்.

எல்லைக்கோடு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழகம், மலை, நல்ல வேலைகள் எல்லாம் சேர்ந்துதான் விலையை ஏற்றின. ஆனால் நிலம் சுருங்கினால் விலை ஏறும் என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தார்கள். புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் 20 சதவீதத்தைக் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒதுக்கும் விதி 2000-ல்தான் வந்தது. நீலக் கோடு போட்டு 41 ஆண்டுகள் கழித்து!

போல்டர் மக்கள் செய்தது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த மலையடிவாரம் இன்றும் பச்சையாக இருப்பது அவர்கள் கட்டிய வரியால்தான். ஆனால் 1959-லும் 1967-லும் 1976-லும் வாக்களித்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே அந்த ஊரில் வீடு உள்ளவர்கள் அல்லது குடியிருப்பவர்கள். இனிமேல் வரப்போகிறவர்களுக்கு அதில் வாக்கு இல்லை. ஊர் ஓரத்தைத் திட்டமிடும்போது, எங்கே கட்டக்கூடாது என்று முடிவு செய்யும் அதே நாளில் எங்கே கட்டலாம் என்றும் முடிவு செய்துவிட வேண்டும். போல்டரின் கதையிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.