ரோல்-பிளேயிங் கேம்களின் ஆதரவு நிறுத்தம்

ஆர்பிஜி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரோல்-பிளேயிங் கேமில் ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், அதை வளர்த்தெடுக்கிறார். கேமை உருவாக்கிய ஸ்டூடியோ புதிய பகுதிகள் சேர்ப்பதையும் பிழை திருத்துவதையும் ஒருநாள் நிறுத்திவிடுவதே ஆதரவு நிறுத்தம். இது இரண்டு விதமாக நடக்கிறது. அப்டேட் மட்டும் நின்றால் வாங்கியவரின் கணினியில் கேம் தொடர்ந்து ஓடும். சர்வரையே மூடிவிட்டால் கேமும் அதில் வளர்த்த பாத்திரமும் ஒரே நாளில் போய்விடும்.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கு இந்த வேறுபாடு சட்டென்று புரியும். ஏதோ ஒரு கம்ப்ரஸர் மாடலைக் கம்பெனி கைவிட்டாலும், லேத் பட்டறையில் உதிரிபாகத்தைக் கடைந்து மாட்டி வண்டியைத் திரும்பவும் போர் போட அனுப்பிவிடலாம். சர்வர் மூடிய கேமில் பட்டறைக்குக் கொண்டுபோக வாங்கியவர் கையில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை.

பலர் சேர்ந்து கணினியில் ஆடும் ஆர்பிஜியின் தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் ஒன்று 1978-ல் வந்தது. இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுத்துகளை மட்டும் கொண்டு ஓடிய 'மட்' என்ற கேமை உருவாக்கினார்கள். ஏஓஎல் நிறுவனம் 1991-ல் தொடங்கிய 'நெவர்விண்டர் நைட்ஸ்' இதைப் படங்களோடு வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. இந்தக் கேம் 1997-ல் மூடப்பட்டபோது ஆட ஆளில்லாமல் போயிருக்கவில்லை. மேற்கொண்டு எப்படி நடத்துவது என்பதில் உரிமை வைத்திருந்த நிறுவனங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. நன்றாக ஓடும் கேமும் நிற்கக்கூடும் என்பதற்கு இது ஓர் ஆரம்பகால எடுத்துக்காட்டு. 1996-ல் வந்த 'மெரிடியன் 59' 2000-ல் மூடப்பட்டது. அதில் வேலை செய்தவர்களே உரிமையை வாங்கி 2002-ல் மறுபடி திறந்தார்கள். 2012-ல் அதன் மூல நிரலைப் பொதுவில் வைத்தார்கள். இந்த வரலாற்றில் இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டவர்கள் மிகச் சிலரே.

அதிகம் பேசப்பட்ட நிகழ்வு 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்'. ஆடுபவர் தனக்கென ஒரு சூப்பர் ஹீரோவை, உடை முதல் சக்தி வரை தானே வடிவமைத்துக்கொள்ளும் இந்தக் கேம் 2004-ல் வெளிவந்தது. 2012 ஆகஸ்ட் 31 அன்று, கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் இதை மூடப்போவதாகவும் இதை நடத்திவந்த பாரகன் ஸ்டூடியோஸைக் கலைப்பதாகவும் அறிவித்தது. நிறுவனத்தின் கவனம் வேறு திசைக்கு மாறுகிறது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். செப்டம்பரில் ஆட்டக்காரர்கள் கேமுக்குள்ளேயே ஒரு கூட்டம் போட்டார்கள். அட்லஸ் பார்க் என்ற இடத்தில், தாங்கள் வருடக்கணக்கில் வளர்த்த நாயகர்களை வரிசையாக நிறுத்தி, கையில் தீப்பந்தம் ஏந்த வைத்தார்கள். கூட்டம் தாங்காமல் சர்வர் அதே பூங்காவின் நகல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போனது. ஆனாலும் நவம்பர் 30 அன்று சர்வர் நிறுத்தப்பட்டது.

கதை அத்தோடு முடியவில்லை. சிலர் ரகசியமாகத் தனி சர்வர் ஒன்றை ஓட்டிவந்தது 2019-ல் வெளியே தெரிந்தது. அதன் நிரல் பரவி, 'ஹோம்கமிங்' உள்ளிட்ட ரசிகர் சர்வர்கள் எழுந்தன. 2024 ஜனவரியில் ஹோம்கமிங் குழுவுக்கு என்சிசாஃப்டே முறையான உரிமம் கொடுத்தது. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு கொடுக்க முடிந்த அனுமதியை அன்றைக்கே கொடுத்திருக்கலாமே என்று ரசிகர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நேர்மாறாக நடந்துகொண்டது. 2010-ல் வெளிவந்து தோல்வி கண்ட 'ஃபைனல் ஃபேன்டஸி 14'-ஐ மூடுவதையே அது கதையாக்கியது. கேமின் வானில் ஒரு செந்நிலவு மெல்ல மெல்ல நெருங்கிவந்து, 2012 நவம்பரில் உலகத்தின் மீது விழுந்தது. நவோகி யோஷிடாவின் தலைமையில் புதிதாகக் கட்டப்பட்ட கேம் 2013 ஆகஸ்டில் வந்து பெரும் வெற்றி பெற்றது.

தனியாக ஆடும் ஆர்பிஜிகளில் நிலைமை இவ்வளவு கொடூரமில்லை. பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' ஆண்டின் சிறந்த கேம் விருதுகளை அள்ளியது. உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில், 2024 மார்ச்சில், இதற்கு விரிவாக்கமோ அடுத்த பாகமோ தாங்கள் செய்யப்போவதில்லை என்று நிறுவனர் ஸ்வென் வின்கே அறிவித்தார். கேமின் உலகம் விஸர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்துக்குச் சொந்தம். லேரியனோ சொந்தப் படைப்புக்குத் திரும்ப விரும்பியது. ரசிகர்களே கேமை மாற்றியமைக்கும் மோட் கருவிகள் 2024 செப்டம்பரில் வந்தன. பாத்திரங்களுக்கான 12 புதிய துணைவகுப்புகளோடு 2025 ஏப்ரலில் வந்த எட்டாவது பேட்ச்தான் கடைசிப் பெரிய அப்டேட். ஒரு ஸ்டூடியோ விடைபெற வேண்டிய முறை இதுவே.

ஸ்டூடியோவே இல்லாமல் போனாலும் இவ்வகைக் கேம் பிழைக்கும். 'வேம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்' 2004-ல் ஏகப்பட்ட பிழைகளோடு வெளிவந்தது. அடுத்த ஆண்டே அதை உருவாக்கிய ட்ரொய்கா ஸ்டூடியோ மூடப்பட்டது. அதன் பிறகு ஜெர்மானிய வேதியியலாளர் வெர்னர் ஷ்பால் வருடக்கணக்கில் அதற்குத் திருத்தங்கள் வெளியிட்டுவந்தார். இன்று அதை ஆடுவோர் பலர் அவருடைய பேட்சை ஏற்றிக்கொண்டே ஆடுகிறார்கள்.

இந்தியாவில் ஆட்டக்காரர்கள் கேம்களை இழந்தது ஸ்டூடியோவின் முடிவால் மட்டுமல்ல, அரசாணையாலும்தான். 2020 செப்டம்பர் 2 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. எல்லோரும் பேசியது பப்ஜி மொபைலைப் பற்றி. அதே பட்டியலில் 'ஏஎஃப்கே அரீனா', 'ரேஞ்சர்ஸ் ஆஃப் அப்ளிவியன்' போன்ற ஆர்பிஜிகளும் இருந்தன. பப்ஜிக்குக் கிராஃப்டன் நிறுவனம் 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற மாற்றைக் கொண்டுவந்து, பழைய கணக்கின் விவரங்களை மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது.

சட்டம் மெதுவாக விழித்துக்கொள்கிறது. யூபிசாஃப்ட் தன் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று மூடியது. தனியாக ஆடுவதற்குக்கூட அந்த சர்வர் தேவைப்பட்டதால், காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் கோபத்தில் ராஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரை மூடும்போது கேமை ஆடக்கூடிய நிலையில் விட்டுப்போக வேண்டும் என்பதே கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்றால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விற்கக் கூடாது என்கிறது.

அப்படியொரு எச்சரிக்கை நம் போன் திரையில் வரும் வரை, பணம் கட்டும் முன் ஒரு விஷயத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட்டை அணைத்துவிட்டாலும் அந்தக் கேம் திறக்கிறதா?