ஒளிச்சேர்க்கையில் ஒளியாற்றல் ஒழுங்குமுறை

இலை ஏற்கும் ஒளியில் சர்க்கரை ஆக்கத்துக்கு வேண்டியதைப் பயன்படுத்தி, மிஞ்சியதைத் தீங்கின்றி வெளியேற்றும் முறைகளின் தொகுப்பு இப்பெயரால் குறிக்கப்படும். மிஞ்சிய ஆற்றல் வெளியேறாவிடில், அது ஆக்சிஜனைக் கடுமையான வினைத்திறன் கொண்ட வடிவமாக்கி, இலையின் ஒளி ஏற்கும் புரதங்களையே சிதைத்துவிடும்.

ஒளிச்சேர்க்கைக்கு ஒளி இன்றியமையாதது என்பதை யான் இங்கன்ஹவுஸ் 1779இல் நிறுவினார். ஒளி மிகுந்தால் இலை என்ன செய்கிறது என்ற கேள்வியோ ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே வலுப்பெற்றது. இருட்டில் வைத்திருந்த இலைமேல் ஒளி பட்டதும் பச்சையத்தின் சிவந்த ஒளிர்வு உயர்ந்து, பின்னர் தணிவதை 1931இல் ஹான்ஸ் காவுட்ஸ்கி கண்டார். இலையைச் சிதைக்காமலே அதன் ஆற்றல் கணக்கை அறிய அந்த ஒளிர்வே கருவியாயிற்று. அலகாபாத்தில் பிறந்து, 1956இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எமர்சனிடம் மாணவராகச் சேர்ந்த கோவிந்தஜி, இவ்வகை ஆய்வை ஒரு துறையாக வளர்த்தவர்களுள் முக்கியமானவர். எமர்சனின் 1957ஆம் ஆண்டுச் சோதனைகள், தனித்தனி அலைநீள ஒளியை ஏற்கும் இரு ஒளி அமைப்புகள் சேர்ந்து இயங்குவதை உணர்த்தின. அவ்விரண்டுக்கும் இடையே ஆற்றலைப் பங்கிடும் நிலைமாற்றம் 1969இல் பாசிகளில் கண்டறியப்பட்டது.

மிகுவெயிலில் இயங்கும் காப்பு வேறு. பசுங்கணிகத்தின் உட்சவ்வுக்குள் அமிலத்தன்மை கூடும்போது, வயோலாசாந்தின் என்னும் மஞ்சள் நிறமி சியாசாந்தினாக மாறுகிறது. ஆற்றல் வெப்பமாக வெளியேற இம்மாற்றம் துணைபுரிகிறது. ஹாரி யமமோட்டோ 1962இல் விளக்கிய இச்சுழற்சியின் காப்புப் பணியை பார்பரா டெமிக் 1987இல் முன்வைத்தார். பிஎஸ்பிஎஸ் என்னும் புரதம் இக்காப்புக்கு அடிப்படை என்பதை 2000இல் கிருஷ்ணா நியோகியின் குழு காட்டியது.

காப்பு விரைவில் தொடங்கினாலும் மெல்லவே தணிகிறது என்பதே உழவுக்கு இன்றியமையாத செய்தி. பழையாற்றுப் பாசனத்தில் சுசீந்திரத்தைச் சூழ்ந்து விளையும் நெல்லில், தென்மேற்குப் பருவமழையை ஒட்டிய கன்னிப்பூப் பயிரின்மேல் மேகமும் வெயிலும் மாறிமாறி வருகின்றன. வெயிலில் கிளர்ந்த காப்பு மேகநிழலிலும் சிறிது நேரம் நீடிப்பதால், கிடைக்கும் குறைந்த ஒளியிலும் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. இத்தணிவை விரைவுபடுத்தும் மூன்று மரபணுக்களைப் புகையிலையில் மிகுதியாக்கி 2016இல் நடந்த வயல் ஆய்வில், உலர் எடை ஏறத்தாழ 15 விழுக்காடு கூடியது. 2022இல் வெளியான ஆய்வில் சோயாவின் விளைச்சலும் உயர்ந்தது. அராபிடாப்சிஸ் எனும் கடுகுக் குடும்பச் செடியிலோ அதே மாற்றம் வளர்ச்சியைக் கூட்டவில்லை.