127 பாகை காட்டிய பழைய கணினி: எறிவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டோர்ட்மண்டில் எங்கள் வீட்டு மூலையில் இருக்கும் மேசைக்கணினியின் திரையில் ஒரு சிறு தீச்சுவாலைப் படம் தோன்றியது. பக்கத்தில் 127 பாகை செல்சியஸ் என்று இருந்தது. தண்ணீர் கொதிப்பதே 100 பாகையில். மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது முடிஞ்சுது. எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குங்கோ" என்றான். திருத்தகம் ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்தோம். பெட்டியைத் திறந்து பார்க்காமலே, மதர்போட் போய்விட்டது, திருத்திப் பயனில்லை என்றார்கள்.

2009 இல் வாங்கிய கணினி அது. உள்ளே இருப்பது இன்ரெல் கோர் 2 டுவோ ஈ8400 புரொசசர். இன்று விற்கப்போனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் அதன் வன்தட்டில் அம்மா ஊரிலிருந்து சுமந்து வந்த படங்களின் ஸ்கான் பிரதிகள், எங்கள் தஞ்ச வழக்குக் கடிதங்கள், பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளியின் பதினொரு வருடக் கணக்கு எல்லாம் இருந்தன. அந்தப் படங்களில் பலவற்றின் மூலப்பிரதி இப்போது எவரிடமும் இல்லை. "கடைசியாக எப்ப கொப்பி எடுத்தனீங்கள்?" என்று மனைவி கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

முடிவில் பார்த்தால் அந்தக் கணினியில் பழுதே இல்லை. 127 என்பது ஒரு வெப்பநிலையே அல்ல. வணிகமாணிப் பட்டத்தோடு வந்து கணக்கெழுதிப் பிழைப்பவர்கள் நாங்கள். மின்னணுவியல் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்க்கும் அதே முறையில் இதையும் சரிபார்க்கலாம் என்று கண்டுகொண்டோம். பழைய கணினியை இன்னும் வைத்திருக்கும் குடும்பங்களுக்காக அதை இங்கே ஒழுங்காக எழுதுகிறோம்.

எண் எங்கிருந்து வருகிறது?

வெப்பநிலை காட்டும் நிரல்கள் இரண்டு இடங்களிலிருந்து எண்களை எடுக்கின்றன. ஒன்று, புரொசசருக்கு உள்ளேயே இருக்கும் உணரி. மற்றது, மதர்போட்டில் இருக்கும் கண்காணிப்புச் சிப். வின்பொண்ட், ஐ.ரி.இ., நுவோற்றன் போன்ற நிறுவனங்கள் செய்யும் சிப்கள் அவை. விசிறியின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் அளப்பதும் அதே சிப்தான். இரண்டும் வெவ்வேறு விதமாகப் பிழைவிடும்.

முதலில் புரொசசரின் உணரி. இன்ரெலின் கோர் வகைப் புரொசசர்களில் இந்த உணரி "இப்போது 45 பாகை" என்று சொல்வதில்லை. "உச்ச எல்லைக்கு இன்னும் 55 பாகை மிச்சம்" என்று மட்டுமே சொல்லும். எல்லையிலிருந்து மிச்சத்தைக் கழித்து நிரல்தான் வெப்பநிலையைக் கணக்கிடுகிறது.

மேலதிகப்பற்றை நினைத்துப் பாருங்கள். "இன்னும் 550 யூரோ எடுக்கலாம்" என்று மட்டும் வங்கி சொல்கிறது. உங்கள் எல்லை 1000 யூரோ என்றால் கடன் 450. எல்லையை 1050 என்று தவறாக நினைத்திருந்தால் கடனை 500 என்று எழுதிவிடுவீர்கள். வங்கி பொய் சொல்லவில்லை. எல்லையை நாம் பிழையாக எடுத்துவிட்டோம்.

ஈ8400 இன் எல்லை 100 பாகை. இதை 95 என்று எடுத்துக்கொள்ளும் நிரல் 40 காட்டும். 105 என்று எடுத்துக்கொள்வது 50 காட்டும். ஒரே புரொசசர், ஒரே நிமிடம், 10 பாகை வித்தியாசம். கோர் 2 வகையின் எல்லைகளை இன்ரெல் வெளியிட்டது 2008 இல்தான். அதற்கு முன் வந்த நிரல்கள் ஊகத்தில்தான் ஓடின. 2008 நவம்பரில் வந்த முதல் கோர் ஐ7 இலிருந்து எல்லை புரொசசருக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. நிரல் அதை நேரே படித்துவிடும். ஆகவே இந்தக் குழப்பம் பெரும்பாலும் கோர் 2 கணினிகளுக்கும் பழைய நிரல்களுக்கும் உரியது.

இன்னொன்றும் உண்டு. இந்த உணரி வைக்கப்பட்டது புரொசசர் எரியாமல் காப்பதற்காக. எல்லைக்குக் கிட்டவாக அது ஓரளவு சரியாகச் சொல்லும். எல்லையிலிருந்து தூரம் போகப்போகத் துல்லியம் குறையும். ஈ8000 வரிசையில் சில புரொசசர்களின் உணரி, குளிர்ந்த நிலையில் ஒரே எண்ணில் சிக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம்.

இணைப்பே இல்லாத கம்பி

மதர்போட்டின் கண்காணிப்புச் சிப்பில் வெப்ப உணரிகளுக்கான உள்ளீடுகள் பல இருக்கும். மதர்போட் செய்தவர் தனக்குத் தேவையானவற்றை மட்டும் இணைத்துவிட்டு மிச்சத்தை வெறுமனே விட்டிருப்பார். எது வெறுமை என்பது நிரலுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் "ரெம்ப் 1, ரெம்ப் 2, ரெம்ப் 3" என்றோ "ஆக்ஸ்" என்றோ வரிசையாகக் காட்டிவிடும்.

இத்தகைய சிப் வெப்பநிலையை 8 பிற் எண்ணாக வைத்திருந்தால், குறியோடு எழுதும்போது மிகக் குறைந்தது -128, மிகக் கூடியது 127. குறியில்லாமல் எழுதினால் மிகக் கூடியது 255. ஆகவே 127, -128, 255 என்ற மூன்றில் ஒன்று அசையாமல் நின்றால், அநேகமாக அந்த உள்ளீட்டில் உணரியே இல்லை என்று கொள்ளலாம். எங்கள் கணினியில் நடந்தது இதுதான். மூன்றாவது உள்ளீடு வெறுமை. நிரல் அதற்குத் தீச்சுவாலை போட்டுவிட்டது.

ஏழோ பத்தோ பாகை எப்போதும் கூட்டியோ குறைத்தோ காட்டினால் காரணம் வேறு. இணைத்த உணரி எந்த வகை என்பதைச் சிப்புக்குச் சொல்வது பயாஸ். அது பிழையாக இருந்தால் எல்லா அளவும் நகரும். பயாஸைப் புதுப்பித்த அடுத்த நாள் வெப்பநிலை திடீரென மாறினால், மாறியது பெரும்பாலும் கணக்குத்தான்.

72.4 என்ற எண்ணும் பலரைக் குழப்புகிறது. ஈ8400 க்கு இன்ரெல் தரும் விபரத்தில் உள்ள இந்த எண், புரொசசரின் உலோக மூடியின் நடுவில் அளக்கப்படும் வெப்பத்திற்கானது. உள்ளே இருக்கும் சிலிக்கன் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். நிரல் காட்டும் உள்வெப்பம் 75 என்பதற்காக எல்லையைத் தாண்டிவிட்டது என்று எண்ணக்கூடாது.

ஏ.எம்.டி. வைத்திருப்பவர்களுக்கு

ஃபீனொம், எஃப்.எக்ஸ். போன்ற பழைய ஏ.எம்.டி. புரொசசர்கள் தரும் எண், குளிரூட்டலைக் கட்டுப்படுத்துவதற்கான ஓர் அளவுகோல். உண்மையான பாகை அல்ல. லினக்ஸில் இதைப் படிக்கும் கே10ரெம்ப் நிரலின் விளக்கக்குறிப்பும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதனால்தான் 20 பாகை அறையில் சில எஃப்.எக்ஸ். கணினிகள் 12 பாகை காட்டுகின்றன. காற்றால் குளிரூட்டப்படும் எதுவும் அறையைவிடக் குளிராக இருக்க முடியாது. ஏ.எம். 2+ சொக்கெற்றில் வந்த சில புரொசசர்களில் உணரியே நம்பத்தகாதது என்று ஏ.எம்.டி. தன் வழுப் பட்டியலில் 319 ஆம் இலக்கத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

2017 இல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் வேண்டுமென்றே 20 பாகை கூட்டிச் சொல்லும். 58 என்றால் உண்மை 38. இதை அறியாத பழைய நிரல் 58 என்றே காட்டும்.

சரிபார்க்கும் ஒழுங்கு

காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிடாமல் எந்த மீதியையும் நாங்கள் நம்புவதில்லை. இங்கும் ஒரு எண்ணுக்கு இன்னொரு சாட்சி வேண்டும்.

1. முதலில் பிரதி. எந்தச் சோதனைக்கும் முன், அழியக்கூடாத கோப்புகளை வெளித் தட்டு ஒன்றில் எடுத்துவையுங்கள். எண் பொய் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் எடுங்கள். எண் பொய்யாக இருக்கலாம். தட்டின் வயது பொய்யல்ல.

2. குளிர் சோதனை. இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள். காலையில் சாதாரண வெப்பமானியால் அறையை அளந்து எழுதுங்கள். கணினியைப் போட்டதும் டெலீற் அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பயாஸுக்குள் போய் அங்கே காட்டும் எண்ணைப் பாருங்கள். அறையைவிடக் குறைவு என்றால் எண் பொய். தொடங்கி அரை நிமிடத்திலேயே 60 ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் சூடு மெய்யாக இருக்கலாம். பயாஸில் புரொசசர் ஓய்வெடுப்பதில்லை; ஆகையால் விண்டோஸில் சும்மா இருக்கும்போது காட்டுவதைவிடச் சில பாகை கூடவாகத் தெரிவது வழமை.

3. இரண்டு நிரல்கள். கோர் ரெம்ப், எச்.டபிள்யூ. இன்ஃபோ போன்றவற்றில் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுங்கள். ஒரே நேரத்தில் ஓடவிட்டால் ஒன்றையொன்று குழப்பலாம். வித்தியாசம் எப்போதும் ஒரே அளவு என்றால் எல்லையை எடுத்ததில்தான் பிழை.

4. வேலை கொடுத்துப் பார்த்தல். பிரைம்95 போன்ற நிரல் புரொசசருக்கு முழுவேலை கொடுக்கும். பத்து நிமிடம் ஓடவிட்டுக் கூட இருந்து பாருங்கள். நல்ல உணரி என்றால் எண் ஏறி ஓர் இடத்தில் நிலைத்து, நிறுத்தியதும் இறங்கும். அசையாத எண் பொய். எல்லைக்கு 10 பாகை கிட்ட வந்தால் உடனே நிறுத்துங்கள்.

5. வேகத்தைப் பார்த்தல். இதுதான் மிகச் சிறந்த சாட்சி. எல்லையைத் தொட்டதும் புரொசசர் தன்னைக் காக்கத் தானாகவே வேகத்தைக் குறைக்கும்; அதற்கும் அடங்காவிட்டால் கணினி சட்டென்று நின்றுவிடும். ஈ8400 இன் வேகம் 3.0 கிகாஹேர்ட்ஸ். சும்மா இருக்கும்போது 2.0 க்கு இறங்குவது மின்சேமிப்பு. முழுவேலையின் நடுவில் இறங்கினால் அது அபாய அறிகுறி. 110 பாகை என்று திரையில் இருக்க, வேகம் குறையாமல் ஓடினால் அந்த 110 பொய்.

கையால் தொட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புரொசசருக்கு மேலுள்ள அலுமினியத் தகட்டுக் கட்டு குளிராக இருப்பதை மட்டும் வைத்து எண் பொய் என்று முடிவெடுக்காதீர்கள். அந்தக் கட்டு சரியாகப் பொருந்தாமல் இருந்தால், புரொசசர் கொதிக்கும்போதும் கட்டு குளிராகவே இருக்கும்.

அறை வெப்பத்தையும் மறக்கக்கூடாது. 2019 யூலை 25 இல் எங்கள் மாநிலத்தில் டூயிஸ்பேர்க்-பேர்லில் 41.2 பாகை பதிவானது. குளிரூட்டி இல்லாத கூரையடி வீடுகளில் அறை 35 ஆனால் புரொசசரும் அந்த அளவுக்கு ஏறும். ஆகவே அறையைவிட எவ்வளவு கூட என்பதைக் குறித்துவையுங்கள்.

சூடு மெய்யானால்

பெரும்பாலும் தூசிதான். மின்கம்பியைக் கழற்றி, பெட்டியைப் பல்கனிக்குக் கொண்டுபோய், விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில் படிந்திருப்பதை எடுங்கள். கோர் 2 காலத்து இன்ரெல் விசிறிகள் நான்கு பிளாஸ்ரிக் ஊசிகளால் நிற்பவை. அவற்றில் ஒன்று கழன்றாலும் கட்டு சரிந்துவிடும். நான்கும் இறுகி இருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். பத்து வருடத்திற்கு மேல் என்றால் நடுவில் உள்ள வெப்பப் பசையும் காய்ந்திருக்கும். ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, பருப்பளவு புதிய பசை வைத்தால் போதும். இவ்வளவிற்கும் சில யூரோதான் செலவு.

நிரல்களில் கவனம்

வெப்ப நிரல்களைச் செய்தவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். 2025 மார்ச்சிலிருந்து விண்டோஸின் டிஃபென்டர், இத்தகைய பல நிரல்கள் பாவிக்கும் வின்றிங்0 என்ற பகுதியை ஆபத்து என்று காட்டித் தடுக்கிறது. அந்தப் பகுதியில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது உண்மை. எச்சரிக்கை வந்தால் டிஃபென்டரை நிறுத்தாதீர்கள். நிரலின் புதிய பதிப்பைத் தேடுங்கள், அல்லது பயாஸில் பாருங்கள்.

விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்தது. கோர் 2 கணினிகள் விண்டோஸ் 11 க்குத் தகுதி பெறாதவை. எங்கள் கணினி இப்போது இணையத்தில் இல்லை. பழைய கோப்புகளைத் திறக்கவும் ஸ்கான் செய்யவும் மட்டும் வைத்திருக்கிறோம்.

எறியத்தான் வேண்டும் என்றால் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, மிச்சத்தை மாநகரின் மீள்சுழற்சி முற்றத்தில் இலவசமாகக் கொடுக்கலாம். சங்கக் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசியுங்கள்: கணக்கு வைக்கக் கடமைப்பட்டவர்கள் கணக்கேடுகளை 10 ஆண்டு காக்க வேண்டும் என்கிறது இங்குள்ள வரிச்சட்டம். கணினி பழுதானது என்பது அதற்குச் சாட்டு ஆகாது.

எங்கள் சோதனை ஒரு பின்னேரத்தில் முடிந்தது. 24 பாகை அறையில் புரொசசர் 44. முழுவேலையில் 65 இல் நின்றது. மூன்றாவது உள்ளீட்டை நிரலில் மறைத்துவிட்டோம், தீச்சுவாலை போய்விட்டது. படங்கள் இப்போது இரண்டு தட்டுகளில் இருக்கின்றன. ஒன்று எங்கள் அலுமாரியில், மற்றது கனடாவில் தங்கை வீட்டில். அன்று அந்த 127 ஐப் பார்த்திராவிட்டால், இந்த இரண்டு பிரதிகளையும் இன்னும் எடுத்திருக்க மாட்டோம்.