மேமோகிராமில் கணினி இட்ட குறிகள்

மார்பகப் புற்றுநோயைக் கணினி கண்டறிகிறது என்பது இன்று புதுமைபோல் பேசப்படுகிறது. அம்முயற்சிக்கு ஏறத்தாழ அறுபதாண்டு வரலாறு உண்டு. அதன் நடுவே பெருஞ்சறுக்கல் ஒன்றும் உண்டு.

மேமோகிராம் படங்களை ஒளிவருடிவழிக் கணினிக்குத் தந்து ஆராய்ந்த ஃப்ரெட் வின்ஸ்பெர்க் குழுவினரின் கட்டுரை 1967-இல் ‘ரேடியாலஜி’ இதழில் வெளிவந்தது. அக்காலக் கணினிகளின் ஆற்றல் அதற்குப் போதவில்லை. 1980-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் குனியோ டோயின் குழு இலக்கைச் சுருக்கிக்கொண்டது: கணினி ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டினால் போதும், முடிவு மருத்துவருடையது. நுண்சுண்ணத் துகள்களைக் காண்பதில் இத்துணை பயன்படுவதை அவர்கள் ஆய்வுச்சூழலில் காட்டவும் செய்தனர். 1998-இல் ‘இமேஜ்செக்கர்’ கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. மெடிகேர் காப்பீடு தனிக்கட்டணம் வழங்கத் தொடங்கியதும் கருவி நாடெங்கும் பரவியது.

ஆய்வில் பலித்தது மருத்துவமனையில் ஏன் பலிக்கவில்லை? அறிகுறியற்ற பெண்களைச் சோதிக்கையில் ஆயிரவருள் நால்வர் ஐவருக்கே புற்று தென்படும். கருவியோ நலமானவர்களின் படங்களிலும் தயங்காது குறியிடும். மருத்துவர் ஆயிரக்கணக்கான பொய்க்குறிகளை ஒதுக்கியாக வேண்டும். ஒதுக்கிப் பழகிய கண் மெய்க்குறியையும் ஒதுக்கக்கூடும். ஒதுக்க அஞ்சுபவர் நலமான பெண்ணையும் மறுசோதனைக்கு அழைப்பார்.

ஜோஷுவா ஃபென்டன் குழுவினர் 43 மையங்களில் 2,22,135 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவு இதையே காட்டிற்று. கருவி வந்த மையங்களில், நோயற்றவரை நோயற்றவரெனச் சரியாகக் கூறும் விகிதம் 90.2 விழுக்காட்டிலிருந்து 87.2 ஆகச் சரிந்தது. திசுப் பரிசோதனைகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடின. கண்டறியப்பட்ட புற்றுகளோ குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. மூன்று விழுக்காடு சிறிதெனத் தோன்றலாம்; நோயற்ற ஆயிரம் பெண்களில் மேலும் முப்பதுபேர் வீண் அச்சத்துடன் மருத்துவமனைக்குத் திரும்பினர் என்பதே அதன் பொருள். கான்ஸ்டன்ஸ் லேமன் குழுவினர் 3,23,973 பெண்களின் பதிவுகளைக்கொண்டு 2015-இல் வெளியிட்ட ஆய்விலும் கருவியால் நன்மை தென்படவில்லை. ஒப்புதல் கிடைத்து அதற்குள் பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன. கட்டணமும் தடையின்றிச் சென்றுகொண்டிருந்தது.

ஆழ்கற்றல் முறைக்கு ஸ்வீடனில் வேறுவகைச் சோதனை நடந்தது. பரிசோதனைக்கு வந்த பெண்களையே குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்டனர். அங்கே ஒவ்வொரு படத்தையும் மருத்துவர் இருவர் படிப்பது வழக்கம். கணினி ஐயக்குறைவெனப் பிரித்த படங்களை ஒருவர் மட்டும் படித்தார். 80,033 பெண்களைக் கொண்ட இவ்வாய்வின் முதற்கட்ட முடிவு 2023-இல் வெளிவந்தது: மருத்துவர்களின் படிப்புச் சுமை 44.3 விழுக்காடு குறைந்தது. பிடிபட்ட புற்றுகள் குறையவில்லை.