விளையாட்டு வினையாகும் கணம்: சிம்பன்சி புகலிடங்களில் தாயற்ற குட்டிகள்

மீட்கப்பட்ட சிம்பன்சிக் குட்டி விளையாடத் தொடங்கிவிட்டால் அது தேறிவிட்டது என்பது புகலிடங்களில் நெடுநாளாக நிலவும் நம்பிக்கை. விளையாட்டைக் கண்டதும் பராமரிப்பாளர்கள் நிம்மதி அடைவதில் நியாயம் உண்டு. நோயும் பசியும் அச்சமும் உள்ள குட்டி விளையாடுவதில்லை. ஆனால் இந்த அளவுகோல் பாதி உண்மையையே காட்டுகிறது. குட்டி விளையாடுகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அந்த விளையாட்டு எப்படி முடிகிறது என்பதே அதன் சமூக நலத்தைத் திருத்தமாகச் சொல்லும் என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்கான சான்றுகளில் பெரும்பகுதி ஜாம்பியாவின் சிம்புன்ஷி புகலிடத்திலிருந்து வருகிறது.

தாமிரச் சுரங்கங்களுக்குப் பேர்போன சிங்கோலா நகரத்துக்கு அப்பால், காஃபூ ஆற்றின் மேற்பகுதியில், டேவிட் – ஷீலா சிடில் தம்பதி கால்நடைப் பண்ணை நடத்திவந்தனர். 1983இல், அன்றைய ஜயீரிலிருந்து கடத்தி வரப்பட்டுப் பறிமுதலான குட்டி ஒன்றைக் காயத்தோடு அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பால் என்று பெயரிடப்பட்ட அக்குட்டி பிழைத்தது; அடுத்தடுத்துக் குட்டிகள் வந்தன; பண்ணை புகலிடமாயிற்று. இன்று அங்கே சிம்பன்சிகள் வெவ்வேறு குழுக்களாக, மரங்கள் அடர்ந்த பெரிய வேலியடைப்புகளில் வாழ்கின்றன. இரவிலும் வெளியிலேயே உறங்குகின்றன. நண்பகலையொட்டி உணவுக்காக மட்டும் கட்டடத்துக்குள் வந்துபோகின்றன. பழம், காய்கறியோடு ஜாம்பிய மக்களின் அன்றாட உணவான மக்காச்சோளக் களி உருண்டையும் கிடைக்கும். எஞ்சிய பொழுதெல்லாம் இரை தேடல், பேன் பார்த்தல், உறக்கம், விளையாட்டு.

ஆய்வாளருக்கு இவ்விடம் தரும் பெரிய வசதி ஒன்று உண்டு. பெரும்பாலான ஆப்பிரிக்கப் புகலிடங்களில் பெண் சிம்பன்சிகளுக்குக் கருத்தடை செய்துவிடுவார்கள். சிம்புன்ஷியில் குட்டிகள் பிறந்திருக்கின்றன. எனவே தாயை இழந்து வந்தவையும் தாய் மடியில் வளர்ந்தவையும் ஒரே வேலிக்குள், ஒரே உணவை உண்டு வாழ்கின்றன. இத்தகைய ஒப்பீட்டுக்கு வேறிடங்களில் வாய்ப்பு அரிது.

சிம்பன்சிகளின் விளையாட்டை நெருங்கிப் பார்த்தால் அது எவ்வளவு நுட்பமான ஏற்பாடு என்பது புரியும். ஒன்று மற்றொன்றின் காலைப் பிடித்து இழுக்கிறது, கழுத்தைக் கவ்வுகிறது, மரத்தைச் சுற்றித் துரத்துகிறது. இவை யாவும் சண்டையிலும் உள்ள செயல்களே. வேறுபாட்டைக் காட்டுவது முகம்: தாடை தளர்ந்து, மேல்பற்களை உதடு மூடியிருக்க, வாய் திறந்திருக்கும். அதோடு மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் எழும் இரைப்பு போன்ற சிரிப்பொலி. பெரியது சிறியதோடு ஆடும்போது தன் பலத்தை அடக்கிக்கொள்கிறது. மல்லாந்து படுத்துச் சிறியதை மேலே ஏறவிடுகிறது. கவ்வல் சற்று அழுந்தினாலோ எதிராளி சிணுங்கினாலோ விட்டுவிட வேண்டும். விடத் தெரியாவிட்டால் விளையாட்டு வினையாகிவிடும்.

இந்தச் சிரிப்பு குறித்து மரினா டாவிலா-ராஸ் குழுவினர் சிம்புன்ஷிச் சிம்பன்சிகளிடம் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு நம் வாதத்துக்கு முக்கியமானது. கூட்டாளி சிரித்ததற்கு மறுமொழியாக எழும் சிரிப்பு, தானாக எழும் சிரிப்பிலிருந்து ஒலியமைப்பிலேயே வேறுபடுகிறது. விளையாட்டு அறுபடாமல் நீடிப்பதோடு அது நெருங்கிய தொடர்புடையது. இன்னொரு முடிவும் உண்டு: சில குழுக்கள் மற்றவற்றைவிட அதிகமாக இப்படிப் பதில்சிரிப்புச் சிரித்தன. சிரிக்கும் திறன் பிறவியில் வருவதாக இருக்கலாம். எப்போது, யாருக்குப் பதிலாகச் சிரிப்பது என்பதில் குழுவின் பழக்கத்துக்கும் பங்கு இருப்பதாகவே இதைக் கொள்ள வேண்டும்.

அப்படியானால் அதை முதலில் கற்பிப்பது யார்? உகாண்டாவின் கிபாலே காட்டில் வாழும் கன்யவாராச் சமூகம் பற்றி 2024இல் வெளிவந்த ஆய்வு விடை தருகிறது. நல்ல பழங்கள் அருகும் காலத்தில் பெரியவை பொதுவாக விளையாட்டைக் கைவிடுகின்றன. ஆனால் தாய்மார் தம் குட்டிகளோடு விளையாடுவதை மட்டும் நிறுத்துவதில்லை. தன் வயிறே காயும் நாளிலும் தாய் இதற்குச் சக்தியைச் செலவிடுகிறாள் என்றால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. இறைச்சிக்காகத் தாயைச் சுட்டுவிட்டுக் குட்டியை விற்கும் வேட்டைக்காரன் பாலோடு இந்தப் பயிற்சியையும் பறித்துவிடுகிறான்.

எட்வின் வான் லியூவன் முதலானோர் 2014இல் சிம்புன்ஷியின் தாயற்ற இளஞ்சிம்பன்சிகளை, வயதும் பாலும் ஒத்த, தாய் வளர்த்தவற்றோடு ஒப்பிட்டார்கள். தாயற்றவையும் விளையாடத்தான் செய்தன; ஆனால் அவற்றின் விளையாட்டு அடிதடியில் முடிவது அதிகமாக இருந்தது. விளையாடுகிறதா என்று மட்டும் குறிக்கும் பதிவேட்டில் இந்த வேறுபாடு தென்படாது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். விக்டோரியா வொபரும் பிரையன் ஹேரும் 2011இல் ஆப்பிரிக்கப் புகலிடங்களின் தாயற்ற போனபோக்களையும் சிம்பன்சிகளையும் ஆராய்ந்தபோது, மன உளைச்சலைக் காட்டும் கார்ட்டிசால் அளவிலும் பிறழ்ந்த நடத்தையிலும் தாய் வளர்த்தவற்றுக்கும் அவற்றுக்கும் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. அப்படியிருக்க, குறை எங்கே என்று கேட்கலாம். இரு முடிவுகளும் முரண்படுவதாக நான் கருதவில்லை. உளைச்சல் தணிவது ஒன்று; பிறரோடு பழகும் பக்குவம் கைவருவது வேறொன்று. நல்ல புகலிடம் முன்னதை விரைவாகவே தந்துவிடுகிறது. பின்னதற்கு ஆசான் வேண்டும்.

அந்த ஆசான் மனிதராக இருக்க முடியாது. குட்டிப் பருவத்தில் பராமரிப்பாளரின் மடி தவிர்க்க முடியாததுதான். ஆனால் வளர்ந்த சிம்பன்சியின் விளையாட்டுக் கவ்வலையே மனித உடல் தாங்காது. சியரா லியோனின் டாக்குகாமா புகலிடத்தை 1995இல் நிறுவியவர், இலங்கையில் பிறந்தவரான பாலா அமரசேகரன். அவர் 1988இல் விலைகொடுத்து மீட்டு வீட்டில் வளர்த்த புரூனோ, பிறகு புகலிடத்தின் தலைமை ஆணாயிற்று. 2006இல் அது உட்பட 31 சிம்பன்சிகள் வெளியேறித் தாக்கியதில் ஓர் ஓட்டுநர் உயிரிழந்தார். பெரும்பாலானவை பின்னர் திரும்பின, புரூனோ திரும்பவில்லை. பழகிய விலங்காயிற்றே என்று நம்பி மனிதரை நிரந்தர விளையாட்டுத் தோழராக்குவது இரு தரப்புக்கும் கேடு.

குழு இந்தப் பொறுப்பை ஏற்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. சிம்புன்ஷியில் ஜூலி என்ற பெண் சிம்பன்சி காதில் புல்லைச் செருகிக்கொண்டு திரிந்தாள். பயன் ஏதும் இல்லாத இச்செயலை அவள் குழுவில் பலர் பின்பற்றினார்கள். அவள் இறந்த பிறகும் பழக்கம் நீடித்தது. பயனற்ற ஒன்றையே இப்படிப் பார்த்துப் பழகுபவை, கவ்விய கழுத்தை எப்போது விடுவது என்பதையும் பழகக்கூடும். வளர்ப்புத் தாய்மையும் அங்கே புதிதல்ல. தாயை இழந்த தாமஸை நோயல் என்ற பெண் அணைத்து வளர்த்தாள். ஒன்பது வயதில் தாமஸ் இறந்தபோது, அவன் பற்களைப் புல்தண்டால் அவள் சுத்தம் செய்ததை 2017இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர்.

கருத்தடையைக் கைவிடச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இடமும் பணமும் குறைந்த மையங்கள், காட்டிலிருந்து வந்துகொண்டேயிருக்கும் குட்டிகளுக்கு முதலில் இடம் வைத்திருக்க வேண்டும். ஆனால் கருத்தடை உள்ள இடத்தில் தாய் வளர்த்த குட்டி அரிதாகவே இருக்கும்; விளையாடத் தெரியாதவை தம்மைப் போன்றவற்றிடமே கற்க நேர்கிறது. ஆகவே நோய்த்தடுப்புத் தனிமைக் காலம் முடிந்ததும் குட்டிகளைச் சமவயதுக் கூட்டத்தில் மட்டும் விடாமல், பொறுமையுள்ள வளர்ந்த பெண்களோடு கூடிய விரைவில் சேர்க்க வேண்டும். அன்றாடப் பதிவேட்டில் விளையாட்டைக் குறிக்கும்போது, அழைத்தது எது, விலகியது எது, சிரிப்புக்குப் பதில்சிரிப்பு வந்ததா, முடிவில் கடி விழுந்ததா என்பனவற்றையும் எழுத வேண்டும். இதற்குக் கருவியும் ஆய்வகமும் தேவையில்லை. வேலியோரம் நிற்கும் பராமரிப்பாளரின் கண்ணும் ஒரு குறிப்பேடும் போதும்.